சாஃப்ட்வேருக்கு முழு விலை கொடுக்கணுமா, சப்போர்ட் காசு வீணா?

கேள்வி இதான்: பதினஞ்சு பேர் வேலை பாக்குற ஒரு ஆபீஸ், விண்டோஸ், ஆபீஸ் பேக்கேஜ், கூடவே ஒரு பெரிய கம்பெனியோட டேட்டாபேஸ், எல்லாத்துக்கும் முழு விலை லைசென்ஸ் ப்ளஸ் வருஷாவருஷம் சப்போர்ட்னு கொட்டேஷன் வந்திருக்கு. அதே விண்டோஸ் கீ (ஆக்டிவேட் பண்ற நம்பர்) ஆன்லைன்ல பத்துல ஒரு பங்கு விலைக்கு விக்கிறாங்க, சப்போர்ட்டுக்கு போன் போட்டா ஒண்ணும் நடக்காதுன்னு ஊரே சொல்லுது, அப்புறம் எதுக்கு முழு காசு கொடுக்கணும்?

முதல்ல அந்த கொட்டேஷன்ல இருக்கிற "சப்போர்ட்" வரியை பிரிச்சு பாருங்க. அதுக்குள்ள ரெண்டு சரக்கு இருக்கு. ஒண்ணு, ஏதாவது ஆச்சுன்னா டிக்கெட் (புகார்) போட்டு ஆளை கூப்பிடற உரிமை. இன்னொண்ணு, புது வெர்ஷனும் செக்யூரிட்டி பேட்ச்சும் (ஓட்டையை அடைக்கிற அப்டேட்) இறக்கிக்கிற உரிமை. விக்கிறவங்க முதல் விஷயத்தை காட்டி தான் விப்பாங்க, 24 மணி நேரமும் நாங்க இருக்கோம்னு. நான் இத்தனை வருஷமா பாத்த வரைக்கும் அந்த போன் நம்பருக்காக காசு கொடுத்தவங்க தான் ஏமாந்து நிக்கிறாங்க, பேட்ச்சுக்காகவும் சாஃப்ட்வேர் கோடு எழுதுன டீம் வரைக்கும் போற வழிக்காகவும் கொடுத்தவங்க பெருசா குறை சொல்றதில்ல. இது ரெண்டும் தேவைப்படற இடத்துல முழு காசு கொடுங்க, தேவைப்படாத இடத்துல ஒரு பைசா அதிகம் கொடுக்காதீங்க, கீழ நான் சொல்லப் போறது எல்லாம் அந்த இடம் எது எதுன்னு தான்.

மலிவு கீ விஷயத்தை முதல்ல முடிச்சிடலாம். விண்டோஸ் லைசென்ஸ்ல மூணு ரகம் இருக்கு. ஓஇஎம்னா புது கம்ப்யூட்டரோடயே வர்றது, அந்த மெஷினோட பொறந்து அதோடயே சாகும், வேற மெஷினுக்கு மாத்த முடியாது, சப்போர்ட்டும் மைக்ரோசாஃப்ட் கிடையாது, கம்ப்யூட்டர் செஞ்ச கம்பெனி தான் கொடுக்கணும். ரீட்டெய்ல்னா தனியா வாங்குறது, பழைய மெஷின்ல எடுத்துட்டு புதுசுல போட்டுக்கலாம். வால்யூம்னா ஒரு நிறுவனம் மொத்தமா ஒப்பந்தம் போட்டு வாங்குறது. அந்த மலிவு விலை கீ எல்லாம் எங்கிருந்து வருதுன்னு கேட்டா, பெரும்பாலும் இந்த வால்யூம் பக்கத்துல இருந்து கசிஞ்சது, இல்லன்னா டெவலப்பருங்களுக்கு டெஸ்ட் பண்ண கொடுத்தது, இல்லன்னா தூக்கிப்போட்ட மெஷின்ல இருந்து எடுத்த ஓஇஎம். வால்யூம்ல எம்ஏகே னு ஒரு வகை கீ, அதுக்கு இத்தனை தடவை தான் ஆக்டிவேட் ஆகும்னு ஒரு கணக்கு இருக்கும், அதை நூறு பேருக்கு வித்துட்டு போயிடுவான், ஒரு நாள் கணக்கு தீர்ந்துடும், இல்லன்னா மைக்ரோசாஃப்ட் பாத்து பிளாக் பண்ணிடும். கேஎம்எஸ் னு இன்னொரு வகை, அது 180 நாளுக்குள்ள கம்பெனியோட சர்வர்கிட்ட போய் திரும்ப கையெழுத்து வாங்கணும், அந்த சர்வர் உங்ககிட்ட இல்லன்னா ஆறு மாசத்துல ஸ்க்ரீன் மூலையில வாட்டர்மார்க் வந்து நிக்கும்.

உங்க மெஷின்ல இப்ப என்ன இருக்குன்னு பாக்கணும்னா கமாண்ட் ப்ராம்ப்ட்ட தொறந்து எஸ்எல்எம்ஜிஆர், ஒரு இடம் விட்டு ஸ்லாஷ் டிஎல்ஐ னு அடிங்க (ஆங்கில எழுத்துல தான்), ஒரு சின்ன பெட்டி வரும், அதுல டிஸ்க்ரிப்ஷன் வரியோட கடைசியில எந்த சேனல்னு, அதாவது எந்த ரகம்னு, போட்டிருக்கும். முழு ரீட்டெய்ல்னு சொல்லி வித்தவன் கீயில வால்யூம் எம்ஏகே னு வந்தா கதை முடிஞ்சது. ஆக்டிவேட் ஆயிடுச்சே அப்ப சரி தானேன்னு நிறைய பேர் கேக்குறாங்க, கீ வேலை செய்யறது வேற, உங்களுக்கு உரிமை இருக்கிறது வேற, லைசென்ஸ் ஆடிட்டுக்கு வர்றவன் ஸ்க்ரீன்ல டிக் மார்க் இருக்கான்னு பாக்க மாட்டான், பில் எங்கன்னு தான் கேப்பான்.

செகண்ட் ஹேண்ட் லைசென்ஸ் எல்லாமே தப்புன்னும் சொல்லிட முடியாது. ஐரோப்பிய நீதிமன்றம் 2012 ஜூலைல யூஸ்டுசாஃப்ட் (பழைய லைசென்ஸ் விக்கிற கம்பெனி) - ஆரக்கிள் (டேட்டாபேஸ் கம்பெனி) வழக்குல, காலவரையறை இல்லாம வித்த லைசென்ஸை வாங்கினவர் திரும்ப விக்கலாம்னு தீர்ப்பு கொடுத்துச்சு, ஆனா விக்கிறவர் தன்கிட்ட இருக்கிற காப்பியை உபயோகிக்க முடியாதபடி ஆக்கணும், மொத்தமா வாங்கினதை உடைச்சு தேவையில்லாத சில யூசர் மட்டும் தனியா விக்க கூடாதுன்னும் சேர்த்தே சொல்லுச்சு. அமெரிக்காவுல 2010ல வெர்னர் - ஆட்டோடெஸ்க் வழக்குல அப்பீல் கோர்ட் நேர் எதிரா போச்சு, இது விற்பனையே இல்ல, வெறும் லைசென்ஸ் தான், திரும்ப விக்கிற உரிமை கிடையாதுன்னு. அதனால மலிவா விக்கிறவர்கிட்ட ஒரே கேள்வி கேளுங்க, முதல்ல இதை வாங்கினது யாரு, அவர் அழிச்சதுக்கு பேப்பர் எங்க? காட்டினா யோசிக்கலாம். பத்துல ஒரு பங்கு விலைக்கு விக்கிறவர் அனேகமா பதிலே போட மாட்டார்.

அதுக்காக ரீட்டெய்ல் முழு விலைக்கு ஓடாதீங்க. புது மெஷின் வாங்கும்போதே கூட வர்ற ஓஇஎம் விண்டோஸ் முழுக்க முழுக்க நேர்மையான மலிவு, ஆபீஸ் மெஷினை அஞ்சாறு வருஷம் ஓட்டிட்டு மெஷினோட சேர்த்து மாத்துறவங்களுக்கு மெஷின் விட்டு மெஷின் மாத்துற உரிமை எதுக்கு? பார்ட் பார்ட்டா வாங்கி அசெம்பிள் பண்றவங்க, மதர்போர்டை அடிக்கடி மாத்துறவங்க, அவங்களுக்கு ரீட்டெய்ல் சரி. இன்னொரு சந்துல நிறைய பேர் மாட்டுவாங்க: வீட்டு உபயோகத்துக்கு, மாணவர்களுக்குன்னு மலிவா விக்கிற எடிஷன். சாஃப்ட்வேர் ஒரிஜினல் தான், கீயும் ஒரிஜினல் தான், ஆனா தொழிலுக்கு உபயோகிக்க கூடாதுன்னு ஒப்பந்தத்துல இருக்கும். அதை ஆபீஸ்ல போட்டா லைசென்ஸ் இல்லாததும் அதுவும் ஒண்ணு தான்.

சரி, சப்போர்ட்டுக்கு வர்றேன்.

டிக்கெட் போட்டா என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா தான் அது எவ்வளவு பெறும்னு கணக்கு போட முடியும். ராத்திரி டேட்டாபேஸ் விழுந்துடுச்சுன்னு வைங்க. போர்ட்டல்ல டிக்கெட் போடுறீங்க, முதல் பதில் சீக்கிரமே வரும், உங்க வெர்ஷன் என்ன, ஆபரேட்டிங் சிஸ்டம் என்ன, லாக் ஃபைல் அனுப்புங்கன்னு. இதுல வெர்ஷன் எல்லாம் டிக்கெட்லயே எழுதியிருப்பீங்க, பரவால்ல, திரும்ப எழுதுவீங்க. அடுத்தது லேட்டஸ்ட் பேட்ச் போட்டு பாத்தீங்களான்னு வரும். அதுக்குள்ள அவருக்கு ஷிஃப்ட் முடிஞ்சிருக்கும், வேற நாட்டுல இருந்து வேற ஒருத்தர் எடுப்பார், அவர் முதல்ல இருந்து லாக் கேப்பார். இதெல்லாம் முதல் லெவல், இவங்க வேலை தெரிஞ்ச பிரச்சனையை தெரிஞ்ச பதிலோட சேர்க்கிறது, அவ்வளவு தான், அவங்களை திட்டி பிரயோஜனமில்ல. நீங்க கூகுள்ல தேடி கண்டுபிடிக்கக்கூடிய எதுவும் இவங்ககிட்ட கிடைக்கும், அதுக்கு மேல கிடைக்காது. ரெண்டாவது லெவலுக்கு போனா புரோடக்ட் தெரிஞ்சவங்க, மூணாவதுக்கு போனா தான் கோடை பாக்கக்கூடியவங்க.

கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி ஒப்பந்தத்துல இதை தேடுங்க: ரெஸ்பான்ஸ் டைம் எவ்வளவு, ரெசல்யூஷன் டைம் எவ்வளவு. அனேகமா முதலாவது மட்டும் தான் இருக்கும். ஒரு மணி நேரத்துல பதில்னா ஒரு மணி நேரத்துல யாரோ ஒருத்தர் "உங்க டிக்கெட் கிடைச்சது, பாக்குறோம்"னு எழுதுவார்னு அர்த்தம், சரி பண்ணிடுவார்னு இல்ல. அதே மாதிரி சிவியரிட்டி ஒண்ணுன்னு (ரொம்ப அவசரம்னு) போட்டா அவங்க ராப்பகலா பாப்பாங்க, ஆனா உங்க பக்கமும் ராத்திரி முழுக்க பதில் சொல்ல ஒரு ஆள் உக்காந்திருக்கணும், இல்லன்னா அவங்களே சிவியரிட்டியை குறைச்சிடுவாங்க. பதினஞ்சு பேர் ஆபீஸ்ல ராத்திரி மூணு மணிக்கு யார் உக்காரப் போறாங்க? ஆள் இல்லன்னா 24 மணி நேர பிளானுக்கு கொடுக்கிற கூடுதல் காசு சுத்த வேஸ்ட், பகல் நேர பிளானே போதும்.

அப்ப சப்போர்ட்டே வேஸ்ட்டா? இல்ல. ஆரக்கிள் டேட்டாபேஸ்ல ஓஆர்ஏ-00600 னு ஒரு எரர் இருக்கு, டேட்டாபேஸ் வேலை பாத்தவங்களுக்கு பேரை கேட்டாலே வயித்தை கலக்கும். அது உள் எரர், கூடவே பிராக்கெட்டுக்குள்ள சில நம்பர் வரும், கோடுக்குள்ள எந்த இடத்துல இடிச்சதுன்னு அந்த நம்பர் சொல்லும், வெளியில இருக்கிறவங்களுக்கு அது சும்மா நம்பர். அதை தேடிப் பாக்குற டூல் ஆரக்கிளோட சப்போர்ட் சைட்ல இருக்கு, சப்போர்ட் ஒப்பந்த நம்பர் இல்லாம உள்ளயே போக முடியாது, அதை சரி பண்ற பேட்ச்சும் அங்க தான். எவ்வளவு கெட்டிக்கார ஆளை வேலைக்கு வச்சாலும் இந்த கதவு அவருக்கு தொறக்காது. மூடின கோடு உள்ள சாஃப்ட்வேர்ல, டேட்டாவே அதுக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்கிற இடத்துல, சப்போர்ட் காசு இந்த கதவுக்கான சாவி. வேர்ட் டாக்குமென்ட்ல மார்ஜின் சரியா வரலங்கிறதுக்கு இந்த சாவி தேவையில்ல.

காசு கொடுத்துட்டீங்கன்னா கறந்து எடுக்கவும் தெரியணும். முதல் மெசேஜ்லயே வெர்ஷன், லாக், எப்பலேர்ந்து, கடைசியா என்ன மாத்தினீங்க, எந்த ஸ்டெப் பண்ணா திரும்ப வருது, எல்லாத்தையும் கொட்டிடுங்க, முதல் லெவல் கேள்விக்கெல்லாம் முன்கூட்டியே பதில் இருந்தா டிக்கெட் மேல போறது வேகமாகும். எத்தனை பேர் வேலை நின்னுருக்குன்னு எழுதுங்க. ரெண்டு நாள் இழுத்தா டியூட்டி மேனேஜரை கேளுங்க, நிறைய பேர் இதை சண்டைன்னு நினைச்சு கூச்சப்படுறாங்க, அது அவங்க சிஸ்டத்துலயே இருக்கிற ஒரு பட்டன் தான். பக் தான்னு ஒத்துக்கிட்டா பக் நம்பர் வாங்காம டிக்கெட்டை மூட விடாதீங்க, ஆறு மாசம் கழிச்சு வர்ற ரிலீஸ் நோட்ஸ்ல அந்த நம்பர் இருக்கான்னு தேடிப்பாக்க அது ஒண்ணு தான் வழி.

இப்ப கணக்கு. பெரிய கம்பெனிங்ககிட்ட வருஷ சப்போர்ட் லைசென்ஸ் விலையில 20 சதவீதத்தை ஒட்டி இருக்கும், ஆரக்கிள்ல 22. விலை ஏறவே இல்லன்னு வச்சுக்கிட்டாலும் அஞ்சு வருஷத்துக்குள்ள லைசென்ஸை திரும்ப ஒரு தடவை வாங்கின காசு போயிடுது. நடுவுல நிறுத்திட்டு தேவைப்படறப்ப சேர்ந்துக்கலாம்னா விட மாட்டாங்க, விட்ட வருஷத்துக்கெல்லாம் சேர்த்து, மேல அபராதமும் போட்டு கேப்பாங்க. பத்து லைசென்ஸ்ல அஞ்சை விட்டுட்டா பாதி காசுன்னும் நினைக்காதீங்க, மிச்சம் இருக்கிற அஞ்சுக்கு ரேட்டை ஏத்தி கணக்கு போடுற விதி ஒப்பந்தத்துலயே இருக்கலாம். வாங்கும்போதே தேவைக்கு மேல வாங்காம இருக்கிறது தான் இதுல உண்மையான டிஸ்கவுண்ட். பெரிய டேட்டாபேஸ் எடுக்கிறவங்க வர்ச்சுவல் மெஷின்ல (நிஜ சர்வருக்குள்ள சாஃப்ட்வேரா ஓடுற கம்ப்யூட்டர்) ஓட்டப் போறீங்கன்னா கோர் (ப்ராசசரோட உள் பகுதி) எப்படி எண்ணுவீங்கன்னு விக்கிறவங்ககிட்ட எழுத்துல வாங்கிக்கோங்க, விஎம்வேர்ல (வர்ச்சுவல் மெஷின் ஓட்டுற சாஃப்ட்வேர்) நாலு கோர் ஒதுக்கி ஆரக்கிள் ஓட்டினவங்ககிட்ட அந்த க்ளஸ்டர்ல (ஒண்ணா சேர்த்து கட்டின சர்வர் கூட்டம்) இருக்கிற எல்லா கோருக்கும் லைசென்ஸ் கேட்டது இந்த தொழில்ல எல்லாருக்கும் தெரிஞ்ச தலைவலி.

வேற கம்பெனிகிட்ட சப்போர்ட் வாங்குற வழியும் இருக்கு, ரிமினி ஸ்ட்ரீட் மாதிரி, ஆரக்கிள், எஸ்ஏபி எல்லாத்துக்கும் பாதி விலைன்னு சொல்லித்தான் வளர்ந்தாங்க, ஆரக்கிள் 2010ல கேஸ் போட்டு அது வருஷக்கணக்கா இழுத்துச்சு. பழைய வெர்ஷன்ல அசையாம நிக்கிற சிஸ்டத்துக்கு இது ஓகே, போன் எடுக்கிற ஆளும் நல்ல அனுபவசாலியா இருப்பார். ஆனா ஒரிஜினல் கம்பெனியோட புது பேட்ச் இவங்களால கொடுக்க முடியாது. முதல்ல சொன்ன ரெண்டு சரக்குல ஒண்ணு மட்டும் தான் இங்க கிடைக்கும்.

பேட்ச்சை ஏன் இவ்வளவு பெருசா பேசறேன்னா, 2017ல ஃபைலை எல்லாம் பூட்டி காசு கேட்ட வான்னாக்ரை வைரஸை பாருங்க. அதுக்கான பேட்ச்சை மைக்ரோசாஃப்ட் மார்ச்லயே வெளியிட்டுடுச்சு, தாக்குதல் மே 12ல. சப்போர்ட் முடிஞ்சு போன எக்ஸ்பிக்கு கூட அதுக்கப்புறம் அவசரமா ஒரு பேட்ச் விட்டாங்க, ஆனா அதிகம் அடிவாங்கினது எக்ஸ்பி இல்ல, அப்பவும் செக்யூரிட்டி பேட்ச் வந்துட்டிருந்த விண்டோஸ் 7. உரிமை இருந்துச்சு, காசும் கொடுத்தாச்சு, பேட்ச் மட்டும் போடல. ரெண்டு வருஷமா அப்டேட்டே போடாத சர்வருக்கு சப்போர்ட் ரினீவ் பண்றவங்களை பாத்தா எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. இப்ப விண்டோஸ் 10 சப்போர்ட் 2025 அக்டோபர் 14ல முடிஞ்சிடுச்சு, நிறுவனங்களுக்கு காசுக்கு நீட்டிச்ச அப்டேட் மூணு வருஷம் வரைக்கும் கிடைக்கும், ஆனா வருஷாவருஷம் ரேட் ரெட்டிப்பாகும், அந்த காசை மெஷின் மாத்துறதுல போடுறது மேல்.

முழு விலை கொடுத்தா ஏதாவது ஆச்சுன்னா அவங்க பொறுப்பு ஏத்துப்பாங்கன்னு ஒரு நம்பிக்கை இருக்கு பாருங்க, அதை விட்டுடுங்க. அனேகமா எந்த ஒப்பந்தத்தை எடுத்தாலும் நஷ்டஈடு நீங்க கொடுத்த காசுக்கு மேல போகாதுன்னு ஒரு வரி இருக்கும். 2024 ஜூலை 19ல க்ரவுட்ஸ்ட்ரைக்னு ஒரு செக்யூரிட்டி கம்பெனியோட தப்பான அப்டேட்ல சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின் விழுந்துச்சு, எல்லாரும் காசு கொடுத்து வாங்கினவங்க தான், ஆனா ஒவ்வொரு மெஷினா சேஃப் மோடுல போய் ஒரு ஃபைலை அழிச்சு எழுப்பினது அந்தந்த ஆபீஸ்ல இருந்த ஐடி பசங்க.

ஓப்பன் சோர்ஸ்ல (கோடை யார் வேணா பாக்கலாம்னு விட்ட சாஃப்ட்வேர்) கதை கொஞ்சம் வேற. போஸ்ட்கிரெஸ்னு இலவச டேட்டாபேஸ்ல ஒவ்வொரு பெரிய வெர்ஷனுக்கும் அஞ்சு வருஷம் பேட்ச் இலவசமா வரும், கோடும் தொறந்து இருக்கு, அதனால சப்போர்ட் விக்கிற கம்பெனிங்க நிறைய, இவர் சரியில்லன்னா அவர்கிட்ட போகலாம், விலை தானா அடங்கி நிக்கும். உபுன்டு லினக்ஸுக்கான உபுன்டு ப்ரோ சப்போர்ட் தனி ஆளுக்கு அஞ்சு மெஷின் வரைக்கும் இலவசம். ஆனா இலவசம்னாலே நிம்மதின்னு இல்ல, சென்ட்ஓஎஸ் 8 (இலவச சர்வர் லினக்ஸ்) 2029 வரைக்கும் வரும்னு நம்பி சர்வர் போட்டவங்களுக்கு 2020 டிசம்பர்ல அறிவிச்சு 2021 கடைசியோட நிறுத்திட்டாங்க, அவசர அவசரமா ஆல்மா, ராக்கின்னு வேற லினக்ஸுக்கு மாறினாங்க. காசு கொடுத்தவங்களுக்கும் அதே கதி தான்: அடோபி 2013லயே சந்தாவுக்கு மாறிடுச்சு, ஆட்டோடெஸ்க் 2016ல நிரந்தர லைசென்ஸ் விக்கிறதை நிறுத்துச்சு, பிராட்காம் கைக்கு போன விஎம்வேர் 2023 டிசம்பர்ல. இதுல கொஞ்சம் மனசாட்சியோட இருக்கிறது ஜெட்பிரெய்ன்ஸ் (கோடு எழுதுற டூல் விக்கிறவங்க), பன்னெண்டு மாசம் தொடர்ந்து சந்தா கட்டினா அந்த பன்னெண்டு மாசம் ஆரம்பிச்சப்ப இருந்த வெர்ஷனை அப்புறம் கட்டாட்டியும் வச்சுக்கலாம். சந்தா வாங்கும்போது நிறுத்தினா என்ன மிஞ்சும்ங்கிறதை கேளுங்க, சாஃப்ட்வேர் போனா போகுது, உங்க ஃபைலை தொறக்க முடியுமா?

யாரும் சொல்லாத ஒரு விஷயம், முழு விலைக்கு உண்மையிலயே மதிப்பு அதிகமா கிடைக்கிறது சின்ன கம்பெனிங்ககிட்ட தான். ரெண்டு மூணு பேர் சேர்ந்து எழுதுற ஒரு டூல், நீங்க மெயில் போட்டா கோடு எழுதினவரே பதில் போடுவார், அடுத்த வாரம் சரி பண்ணின வெர்ஷன் வந்து நிக்கும், முதல் லெவல் ரெண்டாம் லெவல் கதையே இல்ல. அங்க டிஸ்கவுண்ட் கேக்காதீங்க, அந்த காசுல தான் அவர் அந்த டூலை விடாம எழுதறார். டேட்டாவை வெளிய எடுக்க வழி இருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க, அவர் கடையை மூடிட்டு போனாலும் நீங்க நிக்கணும்.

உங்க கொட்டேஷனுக்கு வர்றேன். விண்டோஸுக்கு தனி லைசென்ஸ் வரியை வெட்டிடுங்க, மெஷினோட வர்ற ஓஇஎம் ப்ரோ எடிஷன் போதும், வாங்கும்போதே ஹோம் இல்லாம ப்ரோன்னு கேட்டு வாங்குங்க. ஆபீஸ் பேக்கேஜ் பதினஞ்சு பேருக்கும் வேணுமான்னு ஆள் ஆளா பாருங்க, லெட்டர் அடிக்கிற, லிஸ்ட் பாக்குற வேலைக்கு இலவசமா கிடைக்கிற லிப்ரே ஆபீஸ் தாங்கும், வெளிய இருக்கிறவங்களோட எக்செல் ஃபைலை மாத்தி மாத்தி வேலை பாக்குறவங்களுக்கு மட்டும் காசு கொடுத்து எடுங்க, அந்த ஃபார்முலாவும் மேக்ரோவும் (எக்செல்லுக்குள்ள ஓடுற சின்ன ப்ரோக்ராம்) வேற சாஃப்ட்வேர்ல உடையும். டேட்டாபேஸ் தான் உங்க கொட்டேஷன்ல பெரிய வரியா இருக்கும், அந்த டேட்டாபேஸ் தான் வேணும்னு உங்க பில்லிங் சாஃப்ட்வேர் கட்டாயப்படுத்துதான்னு அதை செஞ்சவங்ககிட்ட கேளுங்க, நிறைய சாஃப்ட்வேர் இப்ப போஸ்ட்கிரெஸ்லயும் ஓடும். கட்டாயம்னா சப்போர்ட்டோட எடுங்க, ஆனா பகல் நேர பிளான், மூணு வருஷத்துக்கு விலை ஏத்தம் இத்தனை சதவீதத்துக்கு மேல போகாதுன்னு எழுத்துல, பேக்கப்பை மாசம் ஒரு தடவை வேற மெஷின்ல ஏத்தி பாக்குற பழக்கத்தோட. விக்கிறவங்களுக்கு காலாண்டு முடியற வாரத்துல டார்கெட் இடிக்கும், அந்த வாரத்துல பேசுங்க. ஒவ்வொரு ரினீவலுக்கும் ரெண்டு மாசம் முன்னாடி அந்த வருஷம் போட்ட டிக்கெட் லிஸ்டை எடுத்து வச்சு, எத்தனை மூணாவது லெவல் வரைக்கும் போச்சு, எத்தனை பேட்ச் இறக்கி உண்மையிலயே போட்டோம்னு எண்ணுங்க, ரெண்டும் சைபர்னா அடுத்த ஒரு வருஷத்துக்குள்ள வேற டேட்டாபேஸுக்கு மாறுற வேலையை ஆரம்பிச்சிடலாம், நோட்டீஸ் எத்தனை நாள் முன்னாடி கொடுக்கணும்ங்கிறதை மட்டும் ஒப்பந்தத்துல பாத்து காலண்டர்ல போட்டுடுங்க, ஒரு நாள் தாண்டினாலும் தானா ரினீவ் ஆகிற மாதிரி தான் எழுதியிருப்பாங்க.